சூரியனை எடை போட்ட தகடு

ஓமன் நாட்டின் தெற்குக் கரைக்கு அப்பால் ஹல்லானியா என்றொரு சிறு தீவு இருக்கிறது. 2014-ல் அங்கே கடலடி மணலைத் துழாவிய முக்குளிப்பாளர்களின் கையில் ஒரு வட்டத் தகடு சிக்கியது. குறுக்களவு 17.5 செ.மீ., கனம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, எடை 344 கிராம். முகப்பில் போர்ச்சுகல் அரசின் சின்னமும், வளையங்களால் ஆன ஒரு வான்கோளமும் இருந்தன. வான்கோளம் மன்னர் மானுவேலின் சொந்த அடையாளம். தகட்டை லேசரால் அலசிப் பார்த்தபோதுதான் அதன் விளிம்பில் 5 பாகைக்கு ஒன்றாகக் கீறிய கோடுகள் வெளிப்பட்டன. கப்பல் எங்கே நிற்கிறது என்று சொல்லும் அஸ்ட்ரோலாப் அது. மாலுமிகள் பயன்படுத்திய அஸ்ட்ரோலாப்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நடுக்கடலில் ஊரும் இல்லை, கரையும் இல்லை. வானம் மட்டும்தான் இருக்கிறது. வடபாதி உலகில் துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் இருக்கும் அட்சரேகை. இந்தியப் பெருங்கடல் மாலுமிகள் இதற்கு ஒரு சிறு பலகையும் முடிச்சுப் போட்ட கயிறும் வைத்திருந்தார்கள். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பு தொடுவானத்தையும் மேல் விளிம்பு நட்சத்திரத்தையும் தொடும்படி பிடிப்பார்கள். எந்த முடிச்சு பல்லில் இருக்கிறது என்பதே கணக்கு. சோழமண்டலக் கரையில் இதற்கு இராப்பலகை என்று பெயர்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கிய போர்ச்சுகீசியருக்கு வேறொரு சிக்கல். தெற்கே போகப்போகத் துருவ நட்சத்திரம் தாழ்ந்துகொண்டே வந்து, நிலநடுக்கோட்டை நெருங்கும்போது கண்ணுக்கே தெரியாமல் போகிறது. அதற்குப் பிறகு சூரியன்தான் துணை.

தகட்டின் மேலே இருக்கும் வளையத்தில் விரலைக் கோத்துத் தொங்கவிட்டால் அதன் எடையே அதைச் செங்குத்தாக நிறுத்திவிடும். நடுவில் ஒரு சுழலும் சட்டம். அதன் இரு முனைகளிலும் ஊசித் துளையிட்ட சிறு தகடுகள். சூரியனைக் கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை. மேல் துளையில் நுழையும் ஒளிப்புள்ளி கீழ்த் துளையின் மேல் சரியாக விழும்வரை சட்டத்தைத் திருப்பினால் போதும். உச்சிப்பொழுதில் இடுப்பளவு உயரத்தில் தகட்டைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்யும் ஒருவர், தராசு பிடித்து ஏதோ நிறுப்பவர் போலவே தெரிவார். போர்ச்சுகீசிய மாலுமிகளும் இந்த வேலையைச் ‘சூரியனை எடை போடுவது’ என்றுதான் சொன்னார்கள்.

உயரம் தெரிந்தால் பாதிக் கணக்குதான் முடிந்தது. சூரியன் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆண்டு முழுவதும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருபத்துமூன்றரை பாகைக்கும் தெற்கே இருபத்துமூன்றரை பாகைக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு அது எந்த அட்சரேகைக்கு நேர் மேலே நிற்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தது 1498 மே 20. அன்று சூரியன் ஏறத்தாழ 22 பாகை வடக்கே இருந்தது. அங்கே உச்சிப்பொழுதில் உயரம் எடுத்தால் சுமார் 79 பாகை வரும். அதாவது சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து 11 பாகை விலகி நிற்கிறது. வடக்குப் பக்கமாக விலகியிருப்பதால் நிழல் தெற்கே விழும். ஆகவே நாம் சூரியனுக்குத் தெற்கே இருக்கிறோம். 22-ல் 11 போக 11. கோழிக்கோடு இருப்பது 11 பாகை வடக்கில்தான்.

அந்த 22 என்ற எண் மாலுமிக்கு எங்கிருந்து கிடைத்தது? ஆபிரகாம் சகூத்தோ என்ற யூத வானியலாளர் போட்ட அட்டவணைகளிலிருந்து. சலமாங்காவில் வாழ்ந்த அவர், 1492-ல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியபோது போர்ச்சுகலுக்கு வந்தார். அவருடைய அட்டவணைகள் 1496-ல் லெய்ரியா நகரில் அச்சாயின. அதே ஆண்டு டிசம்பரில் மானுவேலும் யூதர்களை வெளியேறச் சொல்லி ஆணையிட்டார். சகூத்தோ மறுபடியும் ஊரைவிட்டுப் போய், பிறகு துனிசில் வாழ்ந்தார். மன்னரின் கப்பல்கள் இந்தியாவுக்கு வழி தேடியது அவர் கணக்கை வைத்துத்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

கருவியின் துல்லியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஹல்லானியாத் தகட்டின் ஆரம் சுமார் 8.75 செ.மீ. அப்படியென்றால் விளிம்பில் ஒரு பாகைக்குரிய நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். கடலில் அந்த ஒரு பாகை 111 கிலோமீட்டர். ஆடும் தளத்தில் நின்றுகொண்டு, காற்றில் அசையும் தகட்டில், 5 பாகைக் கோடுகளுக்கு இடையே உள்ளதை உத்தேசமாக மதிப்பிட வேண்டும். அதனால்தான் காமா 1497 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் செயின்ட் ஹெலினா விரிகுடாவில் தரையிறங்கி, மூன்று சாண் அகலமுள்ள மர அஸ்ட்ரோலாபை முக்காலியில் தொங்கவிட்டு அளந்தார். பின்னால் வந்த கருவிகளில் காற்று ஊடுருவிப் போகட்டும் என்று தகட்டில் திறப்புகள் வெட்டினார்கள். அடிப்பகுதியைக் கனமாக வார்த்தார்கள்.

இந்தத் தகடு வந்த கப்பல் காமாவின் தாய்மாமன் விசென்டே சொத்ரேயின் அணியைச் சேர்ந்தது. 1503-ல் காமா ஊர் திரும்பும்போது, கொச்சியையும் கண்ணூரையும் காக்க ஐந்து கப்பல்களோடு அவரை விட்டுச் சென்றார். அவரோ செங்கடல் வாயிலை நோக்கி வணிகக் கப்பல்களைக் கொள்ளையடிக்கப் போனார். அந்த நேரத்தில் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி கொச்சியைத் தாக்கினார். ஹல்லானியாத் தீவில் கப்பலைச் செப்பனிட நின்ற சொத்ரேயிடம், வடக்கிலிருந்து கடுங்காற்று வரப்போகிறது, இடம் மாறுங்கள் என்று தீவுவாசிகள் எச்சரித்தார்கள். அவர் கேட்கவில்லை. கப்பல் பாறையில் மோதி உடைந்தது. அவரும் பலரும் இறந்தார்கள்.

வடக்கு–தெற்கு இப்படிக் கைவசமானது. கிழக்கு–மேற்கு ஆகவில்லை. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், தீர்க்கரேகையை அறிய இங்கே என்ன நேரம், புறப்பட்ட ஊரில் இப்போது என்ன நேரம் என்று இரண்டும் தெரிய வேண்டும். நான்கு நிமிடம் பிசகினால் ஒரு பாகை போய்விடும். கப்பலில் இருந்ததோ மணற்கடிகாரம். அதைப் புரட்டியவர்கள் சிறுவர்கள்.

ஆனால் ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1494-ல் தொர்தெசியாஸில் உலகைப் பங்கிட்டது ஒரு தீர்க்கரேகையை வைத்து! ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளுக்கு 370 லீக் (அக்காலத் தூர அளவு) மேற்கே ஒரு கோடு. அதற்குக் கிழக்கே போர்ச்சுகலுக்கு, மேற்கே ஸ்பெயினுக்கு. எந்தத் தீவிலிருந்து அளப்பது என்றுகூட ஒப்பந்தம் சொல்லவில்லை. அட்லாண்டிக்கில் அது அவ்வளவாக உறுத்தவில்லை. 1522-ல் மெகல்லனின் கப்பல் ஒன்று எல்கானோவின் தலைமையில் உலகைச் சுற்றி, இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மொலுக்காஸ் தீவுகளின் கிராம்போடு வந்து சேர்ந்தபோதுதான் வினை முளைத்தது. கோட்டைப் பூமியின் மறுபக்கம் வரை நீட்டினால் கிராம்புத் தீவுகள் யாருக்கு? 1524-ல் பதகோஸ், எல்வாஸ் என்ற எல்லை நகரங்களில் இரு நாட்டு வானியலாளர்களும் மாலுமிகளும் கூடி வாதிட்டார்கள். எல்கானோவும் அங்கே இருந்தார். முடிவு எட்டவில்லை, அளக்க வழியே இல்லாததை எப்படித் தீர்ப்பது?

கடைசியில் பணம் பேசியது. இத்தாலியில் பிரான்சோடு நடந்த போருக்குச் செலவழித்துக் கஜானா வறண்டிருந்த, ஸ்பெயினை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ், 1529-ல் சரகோசாவில் 3,50,000 டுகாட் பொற்காசு வாங்கிக்கொண்டு மொலுக்காஸின் மேல் தனக்கிருந்த உரிமையைப் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜோவானுக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய அளவீட்டின்படி அந்தத் தீவுகள் கோட்டின் போர்ச்சுகல் பக்கத்திலேயே இருக்கின்றன. ஜோவான் விலை கொடுத்து வாங்கியது, ஒப்பந்தப்படி ஏற்கெனவே அவர் பங்கில் விழுந்திருந்த தீவுகளை.