முகமது அலியைக் காட்டிப் பிள்ளைகளை அடிவாங்க வைக்காதீர்கள்

அந்தக் காலக் குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் இந்தக் காலத்து டைசன் ஃபியூரியும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று டீக்கடையில் பேசுவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. நானும் பேசுவேன், குரலை உயர்த்தியே பேசுவேன். அந்தப் பேச்சு நோயாளியின் கூடவே என் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்போதுதான் எரிச்சல் வருகிறது.

குத்துச்சண்டைப் போட்டிகளில் ரிங் ஓரம் உட்காரும் மருத்துவர்களில் நானும் ஒருவன். சென்ற மாதம் ஒரு தந்தை 17 வயது மகனை அழைத்து வந்தார். தன்னைவிடப் பல கிலோ எடை கூடியவனோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, செய்திருக்கிறான். அன்றிலிருந்து தலைவலி; வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது. மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். "டிசம்பர், நவம்பர், அக்டோபர்" என்று வந்தவன் ஒரு கணம் நின்று, "நவம்பர்" என்று திரும்ப முன்னால் போனான். தப்பு என்று அவனுக்கே தெரிந்தது. அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். "இதெல்லாம் ஒரு அடியா டாக்டர்? ஃபிரேசியர் ஒரு கண் சரியாகத் தெரியாமலே மணிலாவில் அலியோடு 14 ரவுண்டு நின்றார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மூன்று ரவுண்டுக்கே டாக்டர் வேண்டியிருக்கிறது" என்றார்.

இதே வசனத்தைப் பயிற்சியாளர்கள், சித்தப்பாக்கள், ஏன், தலையில் கட்டோடு வந்த பையன்களே சொல்லிக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

முதலில் மணிலா. 1975 அக்டோபர் 1 அன்று நடந்த அந்தச் சண்டையில் ஃபிரேசியர் கடைசியான 15ஆவது ரவுண்டுக்கும் எழுந்து போகத்தான் பார்த்தார். வீங்கிய கண்ணோடு இருந்தவரை உட்காரவைத்து, போதும் என்று சண்டையை நிறுத்தியவர் பயிற்சியாளர் எடி ஃபட்ச். மிச்சம் இருந்தது மூன்றே நிமிடம். உலகப் பட்டத்தை விட்டுக்கொடுத்தார், ஆளை விட்டுக்கொடுக்கவில்லை. என்னைக் கேட்டால் அன்றைக்குப் பெரிய வீரம் காட்டியவர் அவர்தான். மணிலாவைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறவர்களில் அவர் பெயர் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பழையவர்களையும் இன்றையவர்களையும் ஒப்பிடவே கூடாதா? தாராளமாக ஒப்பிடலாம், அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு. ராக்கி மார்சியானோ 49 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காத, எடை கூடிய உச்சப் பிரிவான ஹெவிவெயிட்டின் அந்தக் காலச் சாம்பியன். ஆனால் அவர் எடை சுமார் 84 கிலோ. இன்று அதற்குக் கீழே உள்ள குரூசர்வெயிட் பிரிவின் உச்ச வரம்பே 90.7 கிலோ, ஹெவிவெயிட் அதற்கு மேலேதான் தொடங்குகிறது. ஃபியூரி இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை. அந்தக் காலத்து சுகர் ரே ராபின்சன் தொழில்முறையில் மட்டும் சுமார் 200 சண்டைகள் போட்டார். இன்றைய சாம்பியன் ஆண்டுக்கு இரண்டு போட்டால் அதிகம். ஆகவே கால்வேலை, தூரம் கணிக்கும் திறன், எதிரியைப் படிக்கும் புத்தி ஆகியவற்றை ஒப்பிடுங்கள். அதில் ராபின்சனுக்கு மேல் ஒருவரையும் நான் வைக்கமாட்டேன். யார் ஜெயிப்பார் என்று 1969இல் கணினியிடமே கேட்டார்கள். ஓய்வு பெற்று 13 ஆண்டுகளான மார்சியானோவையும் அலியையும் மோதுவதுபோல நடிக்கவைத்துப் படமெடுத்தார்கள். 13ஆவது ரவுண்டில் மார்சியானோ நாக்-அவுட் செய்வதாக முடிவு வந்தது. அதை நம்பியவர்களைவிடத் திட்டியவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள்.

என் பொறுமையைச் சோதிப்பது வேறொரு நம்பிக்கை. "அடி வாங்க வாங்கத் தாடை பழகிவிடும். அந்தக் காலத்தவர்கள் அப்படித்தான் இரும்புத் தாடை வளர்த்தார்கள்." இதை எத்தனை முறை மறுத்தாலும் மறுநாள் ஒருவர் புதிதாகக் கொண்டுவருகிறார். மண்வெட்டி பிடித்த உள்ளங்கையில் காய்ப்பு ஏறும், மூளையில் ஏறாது. குத்தில் தலை சுழல்கிறது, உள்ளே மூளையும் சுழல்கிறது. தாடைக்கு இதில் வேலை குறைவு. கழுத்துத் தசையை வலுவாக்கினால் கொஞ்சம் பலன் இருக்கலாம். ஆனால் வாங்கிய குத்துகள் கணக்கில் ஏறிக்கொண்டேதான் போகின்றன, ஒன்றும் கழிவதில்லை. பழகுவதாக உங்களுக்குத் தோன்றுவது வலியைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கும் பழக்கம் மட்டுமே. இன்னொன்றையும் கேளுங்கள்: விழாமல் நிற்கிறவன்தான் அதிகம் இழக்கிறான். சீக்கிரம் விழுந்தவனுக்கு நடுவர் பத்து எண்ணிச் சண்டையை முடித்துவிடுவார். இரும்புத் தாடைக்காரன் ஒவ்வொரு ரவுண்டும் நின்று வாங்குவான்.

அலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் அவர் மெட்ராஸ் வந்து காட்சிச் சண்டை போட்டதை நேரில் பார்த்த பெரியவர்கள் இன்றும் கண் விரியச் சொல்வார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அன்றைய சாம்பியன் லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு வாங்கினார். ஒருமுறைகூட விழவில்லை, அதுதான் அன்றைய துயரம். 1984இல் பார்க்கின்சன் என்ற நடுக்க நோயின் அறிகுறிகள் உறுதிசெய்யப்பட்டன. குத்துகள் மட்டுமே காரணமா என்று மருத்துவர்களுக்குள் வாதம் உண்டு. குத்துகள் நல்லது செய்தன என்று வாதிடுபவர் எவரும் இல்லை.

அலியோடும் ஃபிரேசியரோடும் மோதிய ஜெர்ரி குவாரி மறதி நோயில் எல்லாவற்றையும் இழந்து 53 வயதில் இறந்தார். ராபின்சனுக்கும் கடைசிக் காலத்தில் அல்சைமர் என்ற மறதி நோய். ஃபிளாய்ட் பேட்டர்சன் கதைதான் எனக்கு ஆறாதது. 1956இல் 21 வயதில் ஆர்ச்சி மூரை வீழ்த்தி ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர், பின்னாளில் நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவராக இருந்தார். 1998இல் ஒரு வழக்கில் சாட்சியம் சொல்லும்போது, பட்டம் வெல்ல யாரை வீழ்த்தினீர்கள் என்று கேட்டார்கள். அவருக்குப் பெயர் நினைவுக்கு வரவில்லை. பதவியை விட்டு விலகினார்.

விதிகள் சும்மா மாறவில்லை. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ 14ஆவது ரவுண்டில் வீழ்ந்து சில நாளில் இறந்தார். 15 ரவுண்டு 12 ஆகக் குறைந்தது அதற்குப் பிறகுதான். இன்றையவர்கள் சோப்ளாங்கிகள் என்பதால் யாரும் குறைக்கவில்லை.

ஒரு விஷயத்தில் இன்றையவர்கள் முன்னோரைவிட மோசம்: கீழ் எடைப் பிரிவில் மோதுவதற்காகச் செய்யும் எடைக் குறைப்பு. அப்போது பெரும்பாலும் சண்டையன்று காலையில்தான் எடை பார்ப்பார்கள். உடலை வற்றவைத்துவிட்டு மாலையில் ரிங் ஏற முடியாது. இப்போது தொழில்முறையில் முந்தின நாளே பார்த்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் பையன்கள் மே மாத வெயிலில் பிளாஸ்டிக் உடை மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், தண்ணீரை நிறுத்துகிறார்கள், எச்சில்கூடத் துப்புகிறார்கள். அமெச்சூர் போட்டியில் எடை பார்ப்பது அன்றைக்கே என்பதையும் மறந்துவிடுகிறார்கள். நீர் வற்றிய உடலோடு தலையில் அடி வாங்குவது தற்கொலைக்குச் சமம். அடுத்த எடைப் பிரிவில் போட்டியிடச் சொல்லுங்கள், மானம் ஒன்றும் போய்விடாது.

தலைக்கவசம் போட்டிருந்தானே என்று கேட்காதீர்கள். அது வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மூளையைக் காக்காது. சி.டி. ஸ்கேன் நார்மல் என்றும் காட்டாதீர்கள். ரத்தக்கசிவு இல்லை என்பதுதான் அதன் பொருள், மூளைக்கு அதிர்ச்சி இல்லை என்பதல்ல. போட்டியில் தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆனால் அமெச்சூர் விதிப்படி குறைந்தது 30 நாள் ரிங் ஏற முடியாது. பயிற்சிக்கூடத்தில் வாங்கும் அடியை யாரும் பதிவு செய்வதில்லை. அந்த 30 நாளை நீங்களே எண்ணுங்கள். முதலில் படிப்பு, பிறகு மெதுவான ஓட்டம், பிறகு தொங்கும் பையில் குத்துப் பயிற்சி. எதிலும் தலைவலி திரும்பவில்லை என்றால் கடைசியாக ஸ்பாரிங். பையன் "ஒன்றுமில்லை சார்" என்றால் நம்பாதீர்கள். அணியில் இடம் போய்விடும் என்று பயந்து பொய் சொல்வான். அவன் வயதில் எல்லோரும் சொல்வார்கள். வாத்தியார்களே, உங்களை மன்றாடிக் கேட்கிறேன்: எடை பொருந்தாத ஜோடியை ரிங்கில் ஏற்றாதீர்கள். அவன் உங்கள் சொல்லைத்தான் கேட்பான், என் சொல்லை அல்ல.

அடிபட்ட பிறகு வாந்தி எடுத்தால், தலைவலி கூடிக்கொண்டே போனால், பேச்சு குழறினால், எழுப்ப எழுப்பத் தூங்கினால், தெருமுனைக் கிளினிக்கில் ஊசி போட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். 108ஐ அழைத்து, நரம்பியல் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கடைசியாக என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு அடிபட்டது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் கொடுத்தனுப்புங்கள்.