சார்ஜ்: ஒரு சுமைச்சொல்லும் அதற்கான தமிழ்ச் சொற்களும்

சார்ஜ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்பவருக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. கைப்பேசிக்குப் போடுவது சார்ஜ். பயணத்துக்கும் கூரியருக்கும் கொடுக்கும் பணம் சார்ஜ். புதிய அதிகாரி வந்து எடுத்துக்கொள்வது சார்ஜ். கூட்டத்தின் மேல் காவலர் தடியோடு பாய்வதும் சார்ஜ்தான். இயற்பியல் ஆசிரியர் எலக்ட்ரானைப் பற்றிப் பேசும்போது சொல்லும் சார்ஜ் இவை எதிலும் சேராதது. இத்தனை பொருள்களும் ஒரு சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பது தெரிந்தால், எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்பதும் ஏறத்தாழத் தெளிந்துவிடும்.

சொல்லின் வேர் ஒரு வண்டியில் இருக்கிறது. இலத்தீனில் கார்ருஸ் என்றால் சக்கர வண்டி. அச்சொல்லை உரோமானியர்கள், இன்றைய பிரான்சுப் பகுதியான ‘கால்’ (Gaul) நாட்டுக் கெல்ட்டிய மக்களின் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிற்கால இலத்தீனில் அதிலிருந்து கார்ரிகாரே என்ற வினை பிறந்தது. வண்டியில் பாரம் ஏற்றுதல் என்பதே அதன் பொருள். பழைய பிரெஞ்சு வழியாக அது ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கார், கேரி, கார்கோ ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவை. கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் கேரிகேச்சர்கூட இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே: ஒருவருடைய மூக்கையோ தாடையையோ அளவுக்கு மீறி ஏற்றிக் காட்டும் படத்துக்கு இத்தாலியர்கள் பாரம் ஏற்றுதல் என்ற வினையிலிருந்தே பெயர் வைத்தார்கள்.

வண்டியில் ஏறிய பாரம் மெல்ல மனிதன் தலைக்கு மாறியது. ஒருவர் மேல் ஏற்றப்பட்ட வேலை பொறுப்பாயிற்று. ஏற்றப்பட்ட பழி குற்றச்சாட்டாயிற்று. ஏற்றப்பட்ட செலவு கட்டணமாயிற்று. துப்பாக்கிக் குழலில் ஏற்றப்பட்ட வெடிமருந்தும் அதே பெயரைப் பெற்றது. எதிரியின் மேல் பாய்ந்து தாக்குதல் என்ற பொருளையும், தன் பாரம் முழுவதையும் கொண்டுபோய் மோதுதல் என்று எண்ணிப் பார்த்தால் விளங்கிக்கொள்ளலாம்.

தமிழும் தனியே இதே வழியில் நடந்திருக்கிறது என்பதுதான் இதில் சுவையான செய்தி. பொறுத்தல் என்றால் தாங்குதல். அதிலிருந்து வந்தது பொறுப்பு. சுமையிலிருந்து வந்தது சுமத்துதல். குற்றத்தையும் பழியையும் நாம் இன்றும் ஒருவர் மேல் சுமத்துகிறோம். ஆங்கிலம் எல்லாச் சுமைகளையும் ஒரே சொல்லின் மேல் ஏற்றியது. தமிழோ அவற்றைப் பொறு, சுமத்து, சாட்டு, ஏற்று எனப் பல வினைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தது. வண்டியில் பாரம் ஏற்றுவதற்கே திருக்குறளில் வேறொரு வினை இருக்கிறது. மயிற்பீலியே ஆனாலும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று சொல்லும் 475ஆம் குறள், ஏற்றுதலைப் ‘பெய்தல்’ என்கிறது. வண்டிக்கு அங்கே சாகாடு என்று பெயர். கார்ரிகாரே என்ற இலத்தீன் சொல்லைப் பழந்தமிழில் சொல்லச் சொன்னால் சாகாட்டில் பண்டம் பெய்தல் என்றே சொல்லியிருப்பார்கள்.

மின்சாரத்துக்கு இச்சொல் வந்த கதை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1745, 1746ஆம் ஆண்டுகளில் லேடன் குடுவை என்ற கருவி கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க அதனால் முடிந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் அதை ஆராய்ந்தபோது, மின்சாரம் என்பது பொருள்களில் நிறைந்திருக்கும் ஒருவகைப் பாய்மம் என்று கருதினார். பாய்மம் மிகுந்திருக்கும் நிலையை நேர் என்றும் குறைந்திருக்கும் நிலையை எதிர் என்றும் பிரித்தார். நிரப்புவதைச் சார்ஜ் என்றும் வெளியேற்றுவதை டிஸ்சார்ஜ் என்றும் குறித்தார். பல குடுவைகளை வரிசையாக இணைத்த அமைப்புக்குப் பீரங்கி வரிசையின் பெயரான பேட்டரியைச் சூட்டியவரும் அவரே. ஆக இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் பேட்டரி, சார்ஜ் என்ற இரண்டு சொற்களும் போர்க்களத்து வாடை உடையவை.

பாய்மக் கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. சொல் மட்டும் நிலைத்துவிட்டது. இயற்பியலில் இப்போது சார்ஜ் என்பது எலக்ட்ரான், புரோட்டான் போன்ற துகள்களின் அடிப்படைப் பண்பு. அதன் அலகு கூலும். ஒரு புரோட்டானின் சார்ஜ் அளவு 1.602176634 × 10⁻¹⁹ கூலும். எலக்ட்ரானுக்கும் அளவு அதுவே, குறி மட்டும் எதிரானது. 2019ஆம் ஆண்டின் அலகுச் சீரமைப்புக்குப் பிறகு இந்த எண் துல்லியமான மதிப்பாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. இப்பண்பைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மின்னூட்டம் என்கின்றன. இலங்கையில் ஏற்றம், மின்னேற்றம் என்பவை வழக்கு. மூலச் சொல்லின் பாரமேற்றும் பொருளுக்கு நெருக்கமானது இலங்கை வழக்குத்தான். ஊட்டம் என்ற சொல்லில் யாரோ ஊட்டினார்கள் என்ற குறிப்பு வந்துவிடுகிறது. எலக்ட்ரானுக்கோ அதை யாரும் ஊட்டவில்லை, பிறவியிலேயே உள்ளது. ஏற்றம் என்ற சொல்லுக்கும் இதே குறை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கே அது உண்டு.

கைப்பேசிக்குப் போடும் சார்ஜ் இதிலிருந்து வேறுபட்டது. முழுதாகச் சார்ஜ் ஏறிய மின்கலத்தில் மின்னூட்டம் மிகுந்திருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. உள்ளே எத்தனை எலக்ட்ரான்கள் போயினவோ அத்தனை எலக்ட்ரான்கள் மறுமுனை வழியே வெளியே வந்துவிடுவதால், மின்கலம் மொத்தத்தில் மின்நடுநிலையிலேயே இருக்கிறது. சேர்வது வேதியாற்றல். கலத்தின் மேல் 5000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால், ஒரு மில்லி ஆம்பியர் மணி 3.6 கூலும் ஆதலால், அது முழுதும் தீரும்வரை 18,000 கூலும் மின்னூட்டம் அதன் வழியே கடந்து செல்லும் என்று பொருள். அவ்வளவும் உள்ளே அடைபட்டிருக்கிறது என்று பொருளில்லை. இதனால், துகளின் பண்புக்கு மின்னூட்டம் என்றும், கலத்தில் ஆற்றலைச் சேர்க்கும் செயலுக்கு மின்னேற்றம் என்றும், அதற்கான கருவிக்கு மின்னேற்றி என்றும் பிரித்துக்கொள்வது நல்லது. பேச்சு வழக்கும் இதற்கே துணை நிற்கிறது: சார்ஜ் ஏறவில்லை, சார்ஜ் இறங்கிவிட்டது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? வண்டிப் பாரத்துக்கு உரிய ஏறுதலும் இறங்குதலும், மூலச் சொல்லின் வரலாறு தெரியாத வாயிலும் தாமாகவே வந்து அமர்ந்துவிட்டன.

பிற பொருள்களுக்குத் தமிழ்ச் சொற்கள் வழக்கில் உறுதியாகவே உள்ளன. அலுவலகத்தில் சார்ஜ் எடுப்பது பொறுப்பேற்றல். இன்சார்ஜ் என்பவர் பொறுப்பாளர். தூதர் இல்லாதபோது தூதரகத்தை நடத்துபவர் பொறுப்புத் தூதர். லத்தி சார்ஜ் தடியடி. யானையோ குதிரைப்படையோ சார்ஜ் செய்தால் அது பாய்ச்சல். துப்பாக்கியில் மருந்து கெட்டித்தல் என்ற பழைய தொடர் இருக்கையில் அங்கே வேறு சொல் தேட வேண்டியதில்லை.

பணத்தைக் குறிக்கும் இடத்தில் நிலைமை தலைகீழாகிறது. ஃபீஸ், ஃபேர், டாரிஃப், சார்ஜ் என ஆங்கிலம் நான்காகப் பிரித்து வைத்திருப்பதைத் தமிழ் கட்டணம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. வேறுபாடு வேண்டுமானால் பயணக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று அடைமொழி சேர்த்துக்கொள்கிறோம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய குறைபாடு என்று எண்ணுவோருக்கு இது நல்ல மறுமொழி.

இறக்குதலைக் குறிக்கும் டிஸ்சார்ஜுக்கும் இதே பன்முகம் உண்டு. கப்பலிலிருந்து சரக்கை இறக்குதல், கடனைத் தீர்த்தல், கடமையை ஆற்றுதல், அணையிலிருந்து நீர் வெளியேற்றம், மின்னிறக்கம் என இடத்துக்கு இடம் சொல் மாறும். மருத்துவமனையிலிருந்து நோயாளி டிஸ்சார்ஜ் ஆவதை நாளிதழ்கள் ‘வீடு திரும்பினார்’ என்று எழுதுவது மிக அழகான வழக்கு. சட்டத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். காவல்துறை தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. அதைப் படித்து, வழக்கை எந்தெந்தக் குற்றங்களுக்காக நடத்துவது என்று நீதிமன்றம் முடிவுசெய்து எழுதுவது குற்றச்சாட்டு வனைதல். முதலாவதைச் செய்வது காவல்துறை, இரண்டாவதைச் செய்வது நீதிமன்றம் என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கருதி எழுதக்கூடாது. குற்றச்சாட்டு வனைவதற்குப் போதிய அடிப்படை இல்லை என்று அந்தக் கட்டத்திலேயே ஒருவரை அனுப்பிவிட்டால் அது விடுவிப்பு. விசாரணை முழுதும் நடந்து குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தால் அது விடுதலை. செய்திகளில் இரண்டுக்கும் விடுதலை என்றே போட்டுவிடுகிறார்கள். முதலாமவர் விசாரணையையே சந்திக்கவில்லை என்ற உண்மை அங்கே வாசகருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.