காங்கேயம் மாடு ஸ்பீசிஸா, பிரீடா?

கோபியில் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது. ஆங்கிலக் கட்டுரையில் காங்கேயம் மாட்டை 'ஸ்பீசிஸ்' என்று எழுதியிருக்கிறார். டீச்சர் அதை அடித்துவிட்டு 'பிரீட்' என்று போட்டிருக்கிறார். சரி என்று அடுத்த பத்தியில் கரும்புக்கும் 'பிரீட்' என்றே எழுத, அதையும் அடித்து 'வெரைட்டி' ஆக்கிவிட்டார். மஞ்சளுக்கு வரும்போது எதற்கு வம்பு என்று 'கைண்ட்' போட்டிருக்கிறார். அது மட்டும் சிவப்பு மையிலிருந்து தப்பித்தது. "இங்கிலீஷ்ல மட்டும் ஏனுங்க இத்தனை வார்த்தை?" என்கிறார்.

இங்கிலீஷில் மட்டுமல்ல. சந்தையில் போய் 'இது என்ன மாட்டு ரகம்?' என்று யாரும் கேட்பதில்லை, 'இந்த நெல் என்ன இனம்?' என்றும் கேட்பதில்லை. பழக்கத்தில் சரியாகத்தான் பேசுகிறோம், காரணத்தை யோசிப்பதில்லை, அவ்வளவுதான்.

கைண்ட், சார்ட், டைப் மூன்றையும் சாதாரணப் பேச்சில் ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போடலாம். அவற்றுக்குப் பின்னால் உயிரியல் எதுவும் இல்லை. ஸ்பீசிஸ், பிரீட், வெரைட்டி அப்படியல்ல. ஒரு கூட்டம் பக்கத்துக் கூட்டத்தோடு கலந்து கரைந்துவிடாமல் தனியாக நிற்கிறதே, அது எதனால் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சொல் மாறுகிறது.

ஸ்பீசிஸ் என்றால் இயற்கையே போட்ட எல்லை. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. இரண்டும் சேர்ந்து பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. பாலணு, அதாவது விந்தணுவும் சினைமுட்டையும், உண்டாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். இங்கே ஜோடி ஒழுங்காக அமையாது, அதனால் கோவேறு கழுதைக்கு வம்சம் இல்லை. இது பள்ளிப் பாடம்தான், இதற்கு மேல் வேண்டாம்.

காங்கேயம் மாட்டை ஜெர்சியோடு சேர்த்தால் கன்று பிறக்கிறது, அந்தக் கன்றும் வளர்ந்து கன்று போடுகிறது. திமில் உள்ள நம் மாடு பாஸ் இண்டிகஸ், திமில் இல்லாத சீமை மாடு பாஸ் டாரஸ் என்று பெயர் வேறானாலும் இரண்டுக்கும் 60 குரோமோசோம்தான். அதனால்தான் பல அறிஞர்கள் இரண்டையும் ஒரே ஸ்பீசிஸின் இரண்டு கிளைகளாக வைக்கிறார்கள். வித்தியாசம் ஒய் குரோமோசோமின் வடிவத்தில் தெரியும். நம் காளையில் அதன் இடுக்கு, அதாவது குரோமோசோம் குறுகித் தெரியும் இடம், ஒரு நுனியை ஒட்டி இருக்கும், சீமைக் காளையில் நடுவை நோக்கித் தள்ளி இருக்கும். கலப்பினக் காளை ஒன்றின் ஒய்-ஐ மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அப்பன் வழி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

ஆக, காங்கேயத்தைக் காங்கேயமாக வைத்திருப்பது இயற்கையின் தடை அல்ல, வளர்ப்பவரின் பிடிவாதம். எந்தப் பசுவுக்கு எந்தப் பொலிகாளை என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததால் வந்த கூட்டம் அது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கிளுவை வேலி போட்ட கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, வெள்வேல மர நிழலில் படுத்து வளர்ந்த மாடுகள். மனிதர் கை எடுத்தால் எல்லை போய்விடும். அந்த மாதிரிக் கூட்டத்துக்குத்தான் பிரீட் என்று பெயர். அந்தியூர் மலைப்பக்கத்துப் பர்கூர் செம்மறை மாடும் இதே ஸ்பீசிஸ்தான், ஆனால் தனி பிரீட். மயிலை, காரி, செவலை என்பவை வெறும் நிறப்பெயர்கள். காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதம் போல ஆனதும் சாம்பலாக மாறிவிடும். காளையாக வளர்ந்தால் தலையும் கழுத்தும் திமிலும் கறுக்கும். காயடித்து எருதாக்கினால் அந்தக் கறுப்பு வெளுத்துப்போகும்.

இங்கே ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. கண்ணபுரம் சந்தையாகட்டும், அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையாகட்டும், நல்ல திமிலும் காலும் உள்ள காளைக்கு 'சுழி சரியில்லை' என்று விலையைக் குறைக்கிற ஆள் இருப்பார். சுழி என்பது கருவில் தோல் வளரும்போது முடிக்கால்கள் சாய்ந்த திசை. அது உழவுக்கு உதவவும் செய்யாது, குடியைக் கெடுக்கவும் செய்யாது. சுழியைக் காரணம் காட்டி நல்ல பொலிகாளையைக் கழித்துக் கட்டினால் இழப்பு விற்பவருக்கு மட்டுமல்ல, இனத்துக்கும்தான்.

மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளில் 63 குரோமோசோம். 21-ன் மூன்று தொகுதி. இரண்டு தொகுதி இருந்தால் ஜோடி சேரலாம், மூன்று இருந்தால் ஒன்று எப்போதும் தனியாக நிற்கும். அதனால் மஞ்சள் பூக்கும், விதை பிடிப்பதுதான் அபூர்வம். கிழங்கை வெட்டி நட்டால் தாய்ச்செடியின் நகல்தான் முளைக்கும். ஈரோடு நாட்டு மஞ்சள், பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பி.எஸ்.ஆர். 1, பி.எஸ்.ஆர். 2 எல்லாம் இப்படி நகலெடுத்தே பரவியவை. இவை வெரைட்டி. மண்டியில் தனித்தனி விலை போகிற விரலியும் கிழங்கும் வெரைட்டி அல்ல. ஒரே செடியைத் தோண்டினால் நடுவில் உருண்டையாக இருப்பது கிழங்கு, அதிலிருந்து கிளைத்து நீள்வது விரலி. ஏலத்துக்காகப் பிரிக்கிற பிரிவு அது, கிரேட் என்று சொல்லலாம். மஞ்சள் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் இந்த இரண்டையும் 'டூ வெரைட்டீஸ்' என்று எழுதுகிறவர்கள் நிறைய.

இனி கரும்பு. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

இனிப்பும் பருமனும் உள்ள கரும்பின் ஆதி ஊர் நியூ கினி. அதற்கு 80 குரோமோசோம். நோய் வந்தால் தாங்காது, வறட்சியும் ஒத்துவராது. ஆற்றோரம் முளைக்கிற நாணல் அதற்கு நேர் எதிர். சர்க்கரை கிடையாது, ஒல்லி, ஆனால் எதற்கும் சாகாது. இரண்டும் வேறு வேறு ஸ்பீசிஸ், ஆனால் இங்கே அந்த எல்லை முழுத் தடையாக இல்லை. கோவையில் 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் இந்த இரண்டையும் சேர்த்தார்கள். வெள்ளைக் கரும்பு தாய், கோவை நாணல் தகப்பன். பிறந்தது கோ 205, 1918-ல் பஞ்சாபுக்குப் போனது. ஏன் கோவை? வடக்கே கரும்பு பூத்து விதை பிடிப்பது கஷ்டம். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வெண்பூக்கதிர் தானாக வரும். கோயம்புத்தூரைக் குறிக்கும் 'கோ' என்ற அந்த எழுத்து இன்றைக்கும் நம் வயல்களில் இருக்கிற 86032 வரை தொடர்கிறது.

இந்தக் கலப்பில்தான் ஒரு விநோதம். வழக்கப்படி தாயும் தகப்பனும் ஆளுக்குப் பாதி குரோமோசோம் தர வேண்டும். ஜாவாவில் தானாக உண்டான 'காசூர்' என்ற கரும்பு-நாணல் கலப்பை 1920-களில் பிரேமர் என்ற டச்சு ஆய்வாளர் எண்ணிப் பார்த்தார். அங்கத்திய நாணலுக்கு 112, பாதி 56. கரும்பின் 80-ல் பாதி 40. கூட்டினால் 96 வர வேண்டும். வந்ததோ 136. அதாவது நாணல் ஒழுங்காகத் தன் பாதியைத் தந்திருக்கிறது, தாய்க்கரும்பு பாதி போடாமல் 80-ஐயும் அப்படியே தந்துவிட்டது. பாகப்பிரிவினைக்கு வந்த இடத்தில் ஒருத்தி மட்டும் தன் சொத்து முழுவதையும் எழுதிக் கொடுத்தது போல.

இன்னும் வேடிக்கை, கரும்பும் கரும்பும் சேர்ந்தால் இது நடப்பதில்லை. அப்போது இரண்டு பக்கமும் பாதிதான். நாணலைத் தாயாக்கி, கரும்பின் மகரந்தத்தைப் போட்டாலும் பெரும்பாலும் பாதி பாதிதான். கரும்பு தாயாக இருந்து, வெளி ஸ்பீசிஸின் மகரந்தம் வந்தால் மட்டுமே முழுச் சொத்தும் வருகிறது. மகரந்தம் வந்து சேருவதற்கு முன்பே சினைமுட்டை உருவாகிவிடுமே, யார் வரப்போகிறார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியதில்லை என்பது ஒரு விளக்கம். கரும்பின் பூக்கதிரில் ஆயிரக்கணக்கில் பூக்கள். சில முட்டைகளில் குரோமோசோம் பிரிய வேண்டிய கட்டத்தில் பிரியாமல் தங்கிவிடும். நாணலின் மகரந்தம் விழுந்தால், பாதி உள்ள முட்டைகளில் விதை சரியாக முற்றாமல் போய், முழுசாக உள்ளவை மட்டும் பிழைக்கின்றன. பிழைத்ததைத்தான் நாம் எண்ணுகிறோம்.

இதனால் ஆய்வாளருக்கு என்ன லாபம்? நாணலின் உறுதி வேண்டும், அதன் சப்பென்ற சாறு வேண்டாம். மறுபடி மறுபடி கரும்போடு சேர்த்துத்தான் நாணலின் பங்கைக் குறைக்க முடியும். பாதி பாதியாக நடந்திருந்தால் முதல் தலைமுறையில் 96-ல் 56, நாணலின் பங்கு 58 சதவீதம். இப்போது 136-ல் 56, வெறும் 41. அந்தக் கலப்பை மறுபடி கரும்புத் தாயோடு சேர்த்தால் தாய் இன்னொரு முறையும் முழு 80-ஐத் தருகிறாள். கலப்பின் பாதியான 68-ஐச் சேர்த்து 148. அதில் நாணல் சுமார் 28, அதாவது 19 சதவீதம். வழக்கமான வழியில் இந்த இடத்தில் 32 சதவீதத்தில் நின்றிருப்போம். மூன்றாம் முறை இந்த வித்தை நின்றுபோய் கணக்கு மறுபடி பாதி பாதியாகிவிடும். இன்றைய கரும்புகளில் 100 முதல் 130 வரை குரோமோசோம்கள், அதில் நாணலின் பங்கு பத்திலிருந்து இருபது சதவீதம். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையில் இனிப்பு கரும்புடையது, வெயில் தாங்கி நின்றதில் ஒரு பங்கு நாணலுடையது.

அப்படியானால் இன்றைய கரும்பு எந்த ஸ்பீசிஸ்? எதுவும் இல்லை, ஸ்பீசிஸ்களின் கலப்பு. அதைக் கரணையாக வெட்டி நடுகிறோம், ஒவ்வொரு கரணையும் தாயின் நகல். அதனால் 86032 ஒரு வெரைட்டி. இந்தியாவின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் (2001) கேட்பதும் இதைத்தான்: மற்றதிலிருந்து வேறுபட வேண்டும், தனக்குள் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அடுத்த தலைமுறையிலும் மாறக் கூடாது. கடையில் வாங்கும் வீரிய ஒட்டு மக்காச்சோளத்தையும் சட்டம் பதிவு செய்கிறது, ஆனால் அதன் விதையைத் திரும்பப் போட்டால் அது அப்படியே வராது. அறுத்த கதிரிலிருந்து விதை எடுத்துப் போட்டால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு உயரம். அதனால் அதற்கு 'ஹைப்ரிட்' என்று தனிச்சொல்.

கோவையில் சில வருடம் வேலை பார்த்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடுகூடச் சேர்த்துப் பார்த்தவர். அந்தச் செடிகளால் யாரும் சர்க்கரை ஆலை வைக்கவில்லை, ஆனால் குரோமோசோம் பற்றி அவை சொன்னது நிறைய. இப்போது இந்த மாதிரி வேலைக்குப் பணம் கேட்டால் 'விவசாயிக்கு என்ன பயன்?' என்று முதல் கேள்வி வருகிறது. கண்ணூரில் உலகின் இரண்டு பெரிய கரும்புச் சேகரிப்புகளில் ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான கரும்புகளையும் காட்டு உறவுகளையும் திரும்பத் திரும்ப நட்டுத்தான் காப்பாற்ற வேண்டும், டப்பாவில் அடைத்து வைக்க முடியாது. புது ரகம் வெளியிட மேடையும் மாலையும் கிடைக்கிறது. நாணலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்குச் சம்பளம் போடத்தான் யோசிக்கிறார்கள். என் பார்வையில் இது தலைகீழ்.

கடைசியாக 'டைப்'. பேச்சில் எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்றேன். தாவரவியலில் போட முடியாது. அங்கே டைப் என்பது ஒரு கூட்டமே அல்ல, ஒரே ஒரு காய்ந்த செடி. புது ஸ்பீசிஸுக்குப் பெயர் வைக்கிறவர், 'இந்தப் பெயர் இந்தச் செடிக்கு' என்று ஒரு மாதிரியைத் தாளில் ஒட்டிக் காப்பகத்தில் வைக்க வேண்டும். அதுதான் டைப். அப்படிப்பட்ட தாள்கள் பல, கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காப்பகத்தில் இருக்கின்றன. கோவையில் இருந்தாலும் அதன் பெயர் மெட்ராஸ் ஹெர்பேரியம். நாளைக்கு ஒருவர் வந்து இரண்டு ஸ்பீசிஸ் என்று நினைத்தவை ஒன்றுதான் என்று நிரூபித்தால், இரண்டு தாள்களையும் எடுத்து வைத்து எந்தப் பெயர் முதலில் வந்தது என்று பார்ப்பார்கள். பொதுவாகப் பழைய பெயர்தான் நிற்கும்.