ஸ்க்ரப்பர் ஓடியும் நோட்டீஸ் ஏன் வருகிறது?

பாய்லரில் விறகு எரிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வாங்கிய கான்சென்டை (அனுமதியை) வைத்துக்கொண்டு நிலக்கரி எரித்தால், புகையைக் கரைசலால் கழுவும் ஸ்க்ரப்பர் எவ்வளவு நன்றாக ஓடினாலும் உங்களைக் காப்பாற்றாது. திருப்பூர், ஈரோடு, பெருந்துறைப் பக்கம் சிறு சாயப்பட்டறைக்காரர்கள் விழுகிற முதல் குழி இது. 1981 காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் தரும் அனுமதி, அதில் எழுதியிருக்கும் எரிபொருளுக்கு மட்டும்தான். முதல் லோடு நிலக்கரி இறங்கும் முன்பே திருத்தம் கேட்டு விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்தின் மேல் முடிவெடுக்க வாரியத்துக்குச் சட்டம் கொடுத்த கெடு நான்கு மாதம். "ஒரு பேப்பர் குறையுதுங்க, அடுத்த வாரம் வாங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால் திரும்பி வந்துவிடாதீர்கள். என்ன குறை என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன குறைக்குத் தேதி கிடையாது. அலைந்த செலவும் தாமதப் பழியும் உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்து, கணக்கு. மணிக்கு 500 கிலோ நிலக்கரி, அதில் கந்தகம் 0.5 சதவீதம் என்றால், மணிக்கு 5 கிலோ கந்தக டை ஆக்சைடு வரும். புகை ஏறத்தாழ 5,000 கனமீட்டர். ஆக, கனமீட்டருக்கு 1,000 மில்லிகிராம். பாய்லர்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட அறிவிப்பின் வரம்பு 600. ஸ்க்ரப்பரில் அந்த 5 கிலோவையும் சல்பைட் உப்பாக்கிப் பிடிக்க மணிக்கு 6.25 கிலோ காஸ்டிக் சோடா வேண்டும். மாதம் ஒரு மூட்டை காஸ்டிக்குக்கு மட்டும் பில் இருந்தால், ஸ்க்ரப்பர் ஓடியது என்று யாரும் நம்ப மாட்டார்கள். பில்லையும் பம்ப் ஓடிய மணிக்கணக்கையும் சேர்த்து வையுங்கள்.

ஸ்க்ரப்பர் கரைசலின் பிஎச் (அமில-காரத் தன்மை) 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்கட்டும். 5.5-க்குக் கீழே போனால் வாயு சரியாகக் கரையாது. 8.5-ஐத் தாண்டினால் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக் காஸ்டிக்கை வீணாக்கும். உப்பேறிய போர் தண்ணீரில் காஸ்டிக் பட்டதும் சுண்ணாம்பு படிந்து, கரைசலைத் தெளிக்கும் நாசில் அடைக்கும். தண்ணீர் ஒரு பக்கமாக இறங்கும், புகை மறுபக்கமாக நழுவிப் போய்விடும். ஆர்.ஓ. தண்ணீர் கையில் இருந்தால் அதையே விடுங்கள். பிஎச் மீட்டரின் புரோபில் (கரைசலில் மூழ்கும் முனையில்) படிவு ஏறினால் மீட்டர் பொய் சொல்லும்; வாரம் ஒருமுறை பிஎச் தெரிந்த பஃபர் கரைசலில் சரிபார்த்துத் தேதியோடு எழுதுங்கள்.

பலருக்கும் தெரியாத பொறி தண்ணீர்ப் பக்கம் இருக்கிறது. ஸ்க்ரப்பரிலிருந்து வெளியேற்றும் கரைசலை 1974 தண்ணீர்ச் சட்டக் கான்சென்டிலும் காட்ட வேண்டும். அதிலுள்ள சல்பைட், சிஓடியை (கழிவுநீர் வேதியியல் முறையில் இழுக்கும் ஆக்சிஜன் அளவை) ஏற்றும். காற்றூதி சல்பேட்டாக்கினாலும் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்பின் அளவு) குறையாது. காற்றுக்கு ஒழுங்காகச் செலவழித்தவர் இங்கே மாட்டிக்கொள்வது கொடுமை. அடியில் தங்கும் சேறு, 2016 அபாயகரக் கழிவு விதிகளில் 35.1-ஆம் வகை. அங்கீகாரம் வாங்குங்கள், 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைக்காதீர்கள்.

வாரிய அதிகாரி புகை மாதிரி எடுக்க வந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். காற்றுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி அந்த இடத்திலேயே உங்களுக்கு நோட்டீஸ் தர வேண்டும். மாதிரிக் கலனுக்குச் சீல் வைத்து அதிகாரியும் நீங்களும் கையெழுத்திட வேண்டும். இந்த முறை தவறினால் அந்த ஆய்வு முடிவு வழக்கில் சாட்சியமாகச் செல்லாது. நீங்கள் வேண்டுமென்றே விலகிப் போனால் அதிகாரியின் கையெழுத்து மட்டுமே போதும்.

கான்சென்ட் மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கு 30 நாள். ஆணை உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், அதில் போட்டிருக்கும் தேதியிலிருந்து அல்ல. தபால் முத்திரையோடு வந்த கவரை ஃபைலில் வையுங்கள்.