டைமிங் பெல்ட், செயின் மாற்றிய பின் எஞ்சின் திணறினால்

பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு கிராங்க்; வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம். இரண்டையும் ஒரே தாளத்தில் சுற்றவைப்பது டைமிங் பெல்ட் அல்லது செயின். அந்தப் பெல்ட்டோ செயினோ மாற்றிய சில நாட்களிலேயே, "வண்டி முன்னைப் போல இழுக்கவில்லை" என்ற புகாரோடு வரும் கார்களில் பலவற்றுக்கு, அதற்குள் கேம் சென்சார், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு செய்யப்பட்டிருப்பதைச் சேலத்தில் தொடர்ந்து பார்க்கிறேன். வேலைக்கு முன் ஒழுங்காக ஓடிய எஞ்சின் வேலை முடிந்ததும் தடுமாறினால், காரணத்தை முதலில் அந்த வேலைக்குள்ளேதான் தேட வேண்டும். பெரும்பாலும் மார்க், அதாவது பல்சக்கரங்களை நேராகப் பொருத்துவதற்கான குறி, மாறியிருக்கும். இல்லையென்றால், பெல்ட்டை எட்டுவதற்காகக் கழற்றிய ஏதோ ஒன்று சரியாகத் திரும்பப் பூட்டப்படாமல் இருக்கும்.

ஸ்டார்ட் ஆகாத எஞ்சினில் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பதை உடனே நிறுத்த வேண்டும். இன்றைய கார் எஞ்சின்கள் பலவற்றில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துகின்றன. நேரம் தவறினால் இரண்டும் மோதி வால்வு வளைந்துவிடும். செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாகவும் தடையின்றியும் சுற்றினால், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது, இல்லை என்று பொருள்.

பல்சக்கரத்தில் பெல்ட்டோ செயினோ ஒரு பல் தள்ளி உட்காருவது சிறிய பிழைபோலத் தோன்றும். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பற்களும் கேம் பல்சக்கரத்தில் 40 பற்களும் உள்ள ஓர் எஞ்சினில், ஒரே ஒரு பல் மாறினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். அப்படியும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஓடும். ஆனால் ஐட்லிங் ஒழுங்காக இருக்காது, கீழ் ஆர்.பி.எம்மில் பிக்கப் இருக்காது, எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். இந்த நிலையில் ஸ்கேனர் பெரும்பாலும் பி 0016 என்ற பிழைக் குறியீட்டை (கோடு) காட்டும். கிராங்க் சென்சார் சொல்வதும் கேம் சென்சார் சொல்வதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதற்கு மேல் அந்தக் கோடு எதையும் சொல்வதில்லை. அதைப் பார்த்த உடனே சென்சாரை மாற்றுவதுதான் நான் காணும் மிகப் பெரிய வீண் செலவு. சென்சாரின் மின்சுற்றில் கோளாறு இருந்தால் வருவது வேறு கோடுகள்: கேமுக்குப் பி 0340, கிராங்க்குக்குப் பி 0335. அவை வந்தால்கூட, கவரைக் கழற்றியபோது பிரித்த கனெக்டர் மீண்டும் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மார்க்கைச் சரிபார்க்க ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் சாக்கெட் வைத்து, எஞ்சின் இயல்பாகச் சுற்றும் திசையில் மட்டும், கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் இரண்டு முறை சுற்றும்போது கேம் ஒரு முறை சுற்றுவதால், எல்லா மார்க்குகளும் அப்போது மீண்டும் நேருக்கு வர வேண்டும். நடுவில் இரும்பில் இரும்பு முட்டுவதுபோல நின்றுவிட்டால், பலம் கொடுத்துத் தள்ளக் கூடாது. செயின் எஞ்சினில் ஒரு குழப்பம் வரும்: பொருத்தும்போது நேராக வைத்த நிறக் கண்ணிகள் இரண்டு சுற்றுக்குப் பின் மார்க்கோடு சேராது, பல சுற்றுகள் கழிந்த பிறகே சேரும். அதைப் பார்த்துப் பதறிச் சரியான செயினை மறுபடி கழற்றியவர்கள் உண்டு. பல்சக்கரத்தின் மார்க்கையும் எஞ்சின் உடலில் உள்ள மார்க்கையும் ஒப்பிட்டால் போதும். ஸ்விஃப்ட் முதலிய கார்களில் வந்த 1.3 டீசல் போன்ற எஞ்சின்களுக்கோ கேமையும் கிராங்க்கையும் பூட்டிவைக்கும் தனிக் கருவிகள் வேண்டும்; பெயிண்ட் குறி வைத்து ஊகத்தில் செய்யும் வேலை அதில் நிற்காது.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு விழுந்திருந்தால் வால்வு வளைந்திருக்கக்கூடும். சிலிண்டருக்குள் காற்று செலுத்திக் கசிவைப் பார்த்த பிறகே, வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற முடிவெடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஏறத்தாழ சமமாகக் குறைந்திருந்தால், காற்றை உள்ளே விடும் வால்வுகளை இயக்கும் இன்டேக் கேம் பின்தங்கியிருப்பதாகச் சந்தேகிக்கலாம். ஆனால் கம்ப்ரஷன் சரியாக இருப்பதாலேயே டைமிங்கும் சரி என்று சொல்லிவிட முடியாது. இரட்டைக் கேம் எஞ்சினில் புகையை வெளியேற்றும் வால்வுகளுக்கான எக்ஸாஸ்ட் கேம் மட்டும் தவறியிருந்தால் அளவு அதிகம் மாறாது.

மார்க் சரியாக இருந்தால், கலைத்த மற்றவற்றைப் பார்க்க வேண்டும். பல கார்களில் பெல்ட்டை எடுக்க எஞ்சின் மவுண்ட்டைக் கழற்ற நேரிடும். அது சரியாக முறுக்கப்படாவிட்டால் வரும் நடுக்கத்தை மிஸ் ஃபயர் (ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாதது) என்று தவறாக எண்ணுவது எளிது. காற்றுக் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தால் பெட்ரோல் காரில் ஐட்லிங் ஆடும். டர்போ டீசலில் சீறும் ஒலியும் கரும்புகையும் வரும். பெல்ட் இரைந்தால் இறுக்கம் அதிகம். கவரில் தட்டினால் தளர்வு. புதுச் செயின் குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஓரிரு விநாடி கலகலப்பது செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் ஆயில் ஏறும் வரைதான். அதற்குப் பிறகும் நீடித்தால் பொருத்தும் வரை டென்ஷனரை அழுத்திப் பூட்டி வைக்கும் ஊசி (பின்) எடுக்கப்பட்டதா என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு மயக்கமும் உண்டு. பெல்ட் மாற்றிய வாரம் ஏற்காடு போய்விட்டு, "மேலே போனதும் வண்டி செத்துவிட்டது" என்பார்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் கூடுதல். காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவதால், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறைவது இயல்பே. அது ஏற ஏறப் படிப்படியாகத் தெரியும். டைமிங் கோளாறோ அடிவாரத்தை அடுத்த முதல் கொண்டை ஊசி வளைவிலேயே, இரண்டாம் கியரில் மிதிக்கும்போதே தெரிந்துவிடும். சமதளத்தில் ஓமலூர் ரோட்டிலும் இருக்கும்.

மலையில் நிறுத்தும் பழக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஏற்றத்தில் முதல் கியரிலும் இறக்கத்தில் ரிவர்ஸிலும் விட்டுவிட்டு ஹேண்ட் பிரேக்கை அரைகுறையாக இழுத்தால், வண்டியின் எடை இரண்டு நிலையிலும் எஞ்சினைப் பின்னோக்கித்தான் சுற்றப் பார்க்கும். ஆயில் அழுத்தம் இல்லாமல் டென்ஷனர் தளர்ந்திருக்கும் அந்த நேரத்தில், சில செயின் எஞ்சின்களில் பல் தாவிவிட வாய்ப்பு உண்டு. மறுநாள் காலை ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு மெக்கானிக்கைக் குறை சொல்வார்கள். முதலில் நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, வண்டியின் எடை அவற்றின் மேல் இறங்கிய பிறகே கியரில் போட வேண்டும்.