லோகோ வரை தெரிந்த திரை

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டதிலிருந்து எனக்கு ஒரே வகைக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியோ போதிய அளவு புதிய பிராசஸரோ இல்லாத மடிக்கணினியைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாறுகிறவர்களில் சிலர், மாறிய அன்றே இருண்ட திரையின் முன் உட்கார நேர்கிறது. மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார்: விண்டோஸை முழுவதும் அழித்துவிட்டு உபுண்டு என்னும் லினக்ஸ் வகையை நிறுவினேன், மறுபடி தொடங்கியபோது மடிக்கணினி நிறுவனத்தின் லோகோ ஓரிரு நொடி பளிச்சென்று தெரிந்தது, பிறகு ஒரே இருட்டு, விசிறி மட்டும் ஓடுகிறது, கடையில் கொடுத்தால் "டிஸ்ப்ளே போயிடுச்சு, மாத்தணும்" என்கிறார்கள், லினக்ஸ் போட்டதால் திரை எரிந்துவிட்டதா?

எரியவில்லை. லோகோ தெரிந்தது என்று அவரே எழுதிய வரியில் பாதி விடை இருக்கிறது. லோகோவைக் காட்டிய கண்ணாடிப் பலகமும், கேபிளும், பின்னொளியும் அடுத்த மூன்றாவது நொடியில் ஒன்றாகச் செத்துப்போவது எளிதில் நடக்கக்கூடியதன்று. அந்த மூன்று நொடிக்குள் உண்மையில் நடப்பது ஒரு கைமாற்றம்.

மின்பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது இயங்குதளம் அன்று, மதர்போர்டிலேயே குடியிருக்கும் யூஈஎஃப்ஐ என்னும் சிறு மென்பொருள். அந்த இயந்திரத்துக்கென்றே அமைக்கப்பட்டது என்பதால், திரையை எப்படி எழுப்புவது என்பது அதற்குத் தெரியும். எழுப்பிவிட்டு, நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி, "இங்கே எழுதுவதெல்லாம் திரையில் தெரியும்" என்று அடுத்து வரும் மென்பொருளிடம் சொல்லிவிடுகிறது. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரையில் புள்ளி ஒன்றுக்கு 4 பைட் வீதம் 82,94,400 பைட்டுகள். அவ்வளவுதான் அந்த இடம். கிராஃபிக்ஸ் சில்லு எந்த நிறுவனத்துடையது என்பதுகூடத் தெரியாமல் லோகோவையும் தொடக்கப் பட்டியலையும் வரைய இதுவே போதும்.

ஆனால் இது நிரந்தர ஏற்பாடு அன்று. இந்த வழியில் திரையின் அளவை மாற்ற முடியாது, வெளித்திரையைச் சேர்க்க முடியாது, கிராஃபிக்ஸ் சில்லின் வேகம் பயன்படாது. ஆகவே இயங்குதளம் எழுந்தவுடன் அந்தச் சில்லுக்கென்று எழுதப்பட்ட டிரைவர் என்னும் மென்பொருளை அழைத்து, பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் இந்த வேலை 2009-இல் வந்த 2.6.29 பதிப்பில் இன்டெல் சில்லுகளில் தொடங்கி, படிப்படியாக, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள் குடிபெயர்ந்தது. திரை இருள்வது பெரும்பாலும் இந்தக் கணத்தில்தான்.

இந்தக் கணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். டிரைவர் முதலில் பலகத்துக்கு மின்சாரம் தர வேண்டும். ஆனால் சற்று முன்தான் அணைக்கப்பட்ட பலகம் என்றால், பல பலகங்களுக்கு அரை நொடியாவது பொறுத்துத்தான் மீண்டும் தர வேண்டும். பிறகு, சின்னஞ்சிறு பக்கவாட்டு இணைப்பு ஒன்றின் வழியாகப் பலகத்தைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்க வேண்டும். பலகம் தன் சில்லில் பொறித்து வைத்திருக்கும் 128 பைட் அடையாளச் சீட்டை நீட்டுகிறது. எடிட் எனப்படும் இந்தச் சீட்டை வெசா என்னும் தர அமைப்பு 1994-இல் வகுத்தது. இதைப் போல இடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்திய ஆவணத்தை நான் அதிகம் கண்டதில்லை. தயாரிப்பாளரின் மூன்றெழுத்துப் பெயரை எழுத மூன்று பைட் எதற்கு என்று, எழுத்துக்கு 5 பிட் வீதம் இரண்டே பைட்டில் மடித்து வைத்திருக்கிறார்கள். தயாரித்த ஆண்டுக்கு ஒரு பைட். அதில் 1990-இலிருந்து எத்தனை ஆண்டு என்பது மட்டும் இருக்கும், 31 என்றிருந்தால் 2021. கடைசி பைட்டின் மதிப்பு, 128 பைட்டுகளையும் கூட்டி 256-ஆல் வகுத்தால் மீதி பூச்சியமாக வரும்படி அமைக்கப்பட்டது. மீதி வந்தால் சீட்டு சிதைந்திருக்கிறது என்று டிரைவர் சந்தேகிக்கும்.

சீட்டின் 54-ஆம் பைட்டிலிருந்து 18 பைட்டுகளில், புள்ளிகளை எந்த வேகத்தில் அனுப்ப வேண்டும் என்னும் திரையின் தாளக்கணக்கு இருக்கிறது. பரவலான 1920 × 1080 தாளத்தில், ஒரு வரிக்கு 1920 புள்ளிகள்தாமே வேண்டும் என்று பார்த்தால் 2200 என்று கணக்கு வரும். 1080 வரிகளுக்குப் பதில் 1125 வரும். மிகுதியான 280 புள்ளி நேரமும் 45 வரி நேரமும் எதற்கு? பழைய குழாய்த் தொலைக்காட்சியில் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை வரைந்து முடித்ததும் இடப்பக்க ஓரத்துக்கும், ஒரு படத்தை முடித்ததும் மேல் மூலைக்கும் திரும்பிப் போக வேண்டியிருந்தது, அதற்கு விட்ட இடைவெளி அது. கற்றை போய்விட்டது, இடைவெளி போகவில்லை. எச்டிஎம்ஐ கேபிளில் ஒலி பயணிப்பதே இந்தக் காலி இடைவெளியில்தான். மடிக்கணினிப் பலகங்கள் பலவற்றில் இடைவெளியைச் சுருக்கிவிட்டார்கள், ஆனால் அறவே ஒழிக்கவில்லை. 2200 × 1125 × 60 என்று பெருக்கினால் நொடிக்கு 14 கோடியே 85 லட்சம் துடிப்பு. டிரைவர் இதே தாளத்தில் தன் கடிகாரத்தை ஓட விட வேண்டும்.

தாளம் தெரிந்த பிறகும் படத்தை உடனே அனுப்பிவிட முடியாது. சில்லுக்கும் பலகத்துக்கும் இடையிலான ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 270 கோடி பிட் போன்ற வேகத்தில் தரவு ஓடப்போகிறது. கூட்டம் தொடங்குவதற்கு முன் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்பவரைப் போல, டிரைவர் ஒரு சோதனை அலையை அனுப்புகிறது. பலகம் "பிடிபடவில்லை, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டு" என்று பக்கவாட்டு இணைப்பில் பதில் சொல்கிறது. இருவரும் ஒத்துக்கொள்ளும் வரை இது நடக்கிறது. எல்லாம் முடிந்த பின்பே பின்னொளி எரிய வேண்டும். முன்னதாக எரிந்தால் குப்பை போல ஏதோ ஒன்று திரையில் பளிச்சிடும். இந்தக் காத்திருப்பு நேரங்களில் ஒன்று தவறினாலும், சீட்டைப் படிக்க முடியாமல் போனாலும், பின்னொளியை வேறொரு டிரைவர் தனது என்று நினைத்துக்கொண்டாலும், நமக்குத் தெரிவது ஒரே கறுப்புத்தான்.

லினக்ஸ் திரையை எரித்துவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். குழாய்த் திரைகளின் காலத்தில் தாளக்கணக்கைப் பயனரே கையால் எழுதிக் கொடுப்பது வழக்கம். தாங்க முடியாத தாளத்தைக் கொடுத்தால் சில பழைய மானிட்டர்கள் உண்மையிலேயே பழுதாகும். அன்றைக்கு எச்சரிக்கையாக இருந்தது இன்றைக்கு மூடநம்பிக்கையாக மிஞ்சியிருக்கிறது. பலகத்தை விற்கிற கடைக்கு அது வசதியாகவும் இருக்கிறது.

இனி இருட்டில் எப்படித் தேடுவது என்று பார்ப்போம். முதலில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கைப் பொதுவாக இயங்குதளமே ஏற்றி அணைக்கிறது என்பதால், தட்டத் தட்ட விளக்கு மாறினால் கர்னல் உயிரோடு இருக்கிறது. யாரும் தொடாமல் தானே சிமிட்டினால் கர்னல் விழுந்துவிட்டது. அடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை, பின்னாலிருந்து வரும் ஒளியை விடுவதும் தடுப்பதுமே அதன் வேலை என்பதால், உள்ளே நுழைவுப் பக்கம் மங்கலாகத் தெரிந்தால் படம் வந்துவிட்டது, பின்னொளி மட்டும் வரவில்லை என்று பொருள். எதுவுமே தெரியாவிட்டால் வெளித்திரை ஒன்றைச் செருகிப் பார்க்கலாம். விண்டோஸை நிறுவியவர்களுக்கு இவ்வளவு தேவைப்படாது; விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து) ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், பல நேரங்களில் அதுவே போதும்.

மாணவிக்குக் கேப்ஸ் லாக் மாறியது, டார்ச்சில் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய இயந்திரத்தில் இன்டெல் சில்லோடு என்விடியா சில்லும் இருந்தது. என்விடியாவுக்காக உபுண்டு முதலில் அழைக்கும் நூவோ டிரைவர் அங்கே சிக்கிக்கொண்டிருக்கலாம் என்று ஊகித்து, கைமாற்றத்தையே ஒருமுறை தள்ளிப்போடச் சொன்னேன். லோகோ வந்தவுடன் எஸ்கேப் விசையை ஒரே ஒரு முறை தட்ட வேண்டும்; பதற்றத்தில் பலமுறை தட்டினால் பட்டியல் வராமல், கட்டளைக்குக் காத்திருக்கும் வெற்று வரிதான் வந்து நிற்கும். பட்டியல் வந்ததும் ஆங்கில 'ஈ' எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், நோ, மோட், செட் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களைச் சிறிய எழுத்துகளில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக (nomodeset) எழுதி, எஃப்10-ஐ அழுத்த வேண்டும். "டிரைவரே, நீ திரையைத் தொடாதே" என்பதே அந்தச் சொல்லின் பொருள். யூஈஎஃப்ஐ விட்டுச்சென்ற 82,94,400 பைட் ஏற்பாட்டிலேயே இயங்குதளம் ஓடும். இந்த மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே.

என்விடியா தன் சில்லுகளின் உள்விவரங்களை நெடுங்காலம் வெளியிடவில்லை. சில்லை வெளியிலிருந்து தட்டித் தட்டிப் பார்த்து அதன் நடத்தையை ஊகித்தவர்கள் எழுதியதே நூவோ. அந்த நிறுவனமே தன் கர்னல் பகுதிகளின் மூலநிரலைத் திறந்தது 2022 மே மாதத்தில்தான். தொடக்கத்தில் திரை ஒருமுறை கறுத்துச் சிமிட்டுவதைப் போக்குவதற்கு ரெட் ஹாட் என்னும் லினக்ஸ் நிறுவனத்தின் ஹான்ஸ் டி கோட் செய்த உழைப்பு 2019-இல் ஃபெடோரா 30 என்னும் லினக்ஸ் வெளியீட்டில் பயனருக்கு வந்தது. நம் நாட்டில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது பலருக்கு நினைவிருக்கும். புதிய பெயரில் இயங்குதளம் வெளியிட நிதி கிடைப்பதுபோல, பின்னொளி டிரைவரின் ஒரு காத்திருப்பு நேரத்தைத் திருத்துபவருக்கும் நிதி கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தத் திருத்தத்தையும் ஆய்வு என்று சொல்ல யாரும் கூச வேண்டியதில்லை.

மாணவியின் திரை வந்துவிட்டது, ஆனால் ஒளியளவை மாற்றும் விசை வேலை செய்யவில்லை என்று எழுதினார். டிரைவரை வெளியே நிறுத்தியதன் விளைவுதான் அது. உபுண்டுவின் 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியில் என்விடியாவின் டிரைவரை நிறுவச் சொன்னேன். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், மறுதொடக்கத்தில் நீலநிறத் திரை ஒன்று சில நொடிகளே நிற்கும். ஏற்கப்பட்ட கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தொடக்கத்தில் தடுக்கும் செக்யூர் பூட் வசதி இயங்கும் கணினியில் அந்த டிரைவரின் கையொப்பத்தை ஏற்பதாக நாம் உறுதிசெய்யும் இடம் அது. அவர் முதல்முறை அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டதால் டிரைவர் ஏற்கப்படாமல் போனது. மீண்டும் நிறுவி, நீலத்திரையில் 'என்ரோல்' என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைத் தட்டிய பிறகு, கூடுதல் சொல் எதுவும் இல்லாமலே நுழைவுப் பக்கம் வந்தது. ஒளிவிசையும் வேலை செய்கிறதாம்.