காரங்காட்டுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

விடுமுறை வந்தால் போதும், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து காரங்காட்டுக்கு வேன் கேட்டுப் போன் வந்துகொண்டே இருக்கும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்த கையோடு தொண்டிப் பக்கம் போய், கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டில் (மாங்குரோவ்) படகேறிவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். வேன் ஏற்பாடு செய்வது என் தொழில். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போன வாரம் அழைத்துப்போன குழுவும் பிரியாணிக் கவரைப் படகிலிருந்து வீசியதும் பொறுமை போய்விட்டது.

கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "விடுங்கண்ணே, கடல் இழுத்துட்டுப் போயிரும்." போகாது. பாக் விரிகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரமே குறைவு. அதிலும் காட்டுக்குள் தண்ணீர் மெல்லத்தான் நகரும். வருகிற மண்ணையும் சருகையும் பிடித்து நிறுத்துவதே இந்த மரங்களின் வேலை. உங்கள் கவரையும் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். அன்று வீசிய கவர் நாலடிகூடப் போகவில்லை. சேற்றிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் பென்சில் நட்டதுபோல் நிற்குமே மூச்சுவேர்கள், அவற்றின் மேல் போய்ப் போர்த்திக்கொண்டது. படகுக்காரர் துடுப்பை நீட்டி எடுத்தார். உள்ளே ஒரு குட்டி நண்டு. இறாலும் நண்டும் குஞ்சாக வளர்வது இந்த வேர்களுக்கு நடுவில்தான். நாம் மார்க்கெட்டில் விலை பேசி வாங்குவது அப்புறம் எங்கிருந்து வரும்?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது முத்துப்பேட்டை அலையாத்திக் காடு பட்ட பாடு நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். புயல் செய்வது போதும், நாமும் சேர வேண்டாமே.

சரி, இனி என் வேனில் தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் கப், கேரி பேக் எதுவும் ஏறாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டிலேயே தடை செய்யப்பட்டவைதானே? வீட்டில் சும்மா கிடக்கும் டிபன் கேரியரை எடுங்கள். இல்லையா, காரங்காட்டுப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மீனும் நண்டும் சமைத்துத் தருவார்கள், அந்தக் காசும் ஊருக்குள் நிற்கும்.

படகில் ஸ்பீக்கர் வேண்டாம். பறவைகள் கிளம்பிப் போனபின் எதைப் பார்ப்பீர்கள்? செல்ஃபிக்காகச் சேற்றில் இறங்காதீர்கள், மிதித்த வேர் ஒடிந்தது ஒடிந்ததுதான். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மெத்தையாக்காதீர்கள். நூறு ரூபாய் கூடத் தருகிறேன், இன்னும் உள்ளே விடுங்கள் என்று படகுக்காரரை நச்சரிக்காதீர்கள், தயவுசெய்து. அது வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் இடம். வம்பு வந்தால் அடிபடுவது அவருடைய பிழைப்பு.

வேனில் ஒரு கோணி இருக்கும். கொண்டுவந்த குப்பை அதிலேயே காரைக்குடி திரும்ப வேண்டும். சம்மதம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள்.